மலர்நகருக்குப் போன வண்டி

கையில் ஒட்டிய பச்சைப் பெயின்டைக் கழுவ மண்ணெண்ணெய் கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் என்னிடம் சாதாரணமாகக் கேட்ட கடைசிப் பொருள் அதுதான். போர்டு எழுதுவது அவர் தொழில். சாலையோரம் நிற்கும் எங்கள் ஊர்ப் பலகை மங்கிவிட்டதென்று, 'மலர்நகர்' என மறுபடி எழுதிவிட்டு வந்திருந்தார்.

ஊரின் பழைய பெயர் நாய்க்குட்டை. பஞ்ச காலத்தில் தண்ணீருக்கு அலைந்தவர்கள், கால் நனைந்து வந்த ஒரு நாயின் பின்னால் போய் இங்குள்ள குட்டையைக் கண்டார்களாம். நன்றிக்கு வைத்த பெயர். வெளியாட்களுக்கு அந்தக் கதை எங்கே தெரியும்? எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "இந்த ஊர்ப் பொண்ணு பேசுமா, குரைக்குமா?" என்று சிரித்தார். அன்று கிளம்பியவர்தான் இவர். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிப் பெயரை மாற்றிய பிறகே ஓய்ந்தார். பழைய பெயரை இனி யாரும் வாயெடுத்துச் சொல்லக்கூடாது என்று ஊரே கட்டுப்பாடும் போட்டது.

மண்ணெண்ணெயோடு வந்தேன். நெஞ்சைப் பிடித்தபடி சுவரோரம் சரிந்திருந்தார். சட்டையில் பச்சைக் கைத்தடம்.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, "மலர்நகர்" என்றேன். கொழுந்தன் வழிகாட்டச் சாலைக்கு ஓடினார். வண்டி வரவில்லை. போன்தான் வந்தது.

"அம்மா, மலர்நகர் முழுக்கச் சுத்திட்டேன். இங்க யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லையாமே?"

டவுனுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மலர்நகர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இது வேற மலர்நகருங்க. குட்டை ஒண்ணு இருக்கும்..."

"பழைய பேரு ஏதாச்சும் உண்டா?"

அவரைப் பார்த்தேன். பேச முடியாமல் விரலை மட்டும் ஆட்டினார். சொல்லாதே.

"நீங்க சும்மா இருங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, "நாய்க்குட்டைங்க," என்றேன்.

"அட, நாய்க்குட்டையா! அதைச் சொல்றதுக்கென்னம்மா? தோ வந்துட்டேன்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா, வலியா, தெரியவில்லை.

"அப்புறமா எழுந்து உட்கார்ந்து நல்லாத் திட்டுங்க. கேட்டுக்கிறேன்," என்றேன்.

வண்டி வந்தது. டிரைவர் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

பலகையில் பச்சை இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. காலைப் பஸ் அதன் எதிரில் நிற்கும்போது கண்டக்டர், "நாய்க்குட்டையெல்லாம் இறங்கு!" என்று கத்துகிறார். என் வீட்டுக்காரர் இருந்தபோதும் அப்படித்தான் கத்துவார்.