தேவகிக்கு வைத்த கதவு

ஆண்டாளம்மாள் வீட்டுக் கழிவறைக்குத் தன்னைத் தானே கழுவிக்கொள்ளத் தெரியும் என்று தேவகியிடம் முதலில் சொன்னவன் கொத்தனார் இருசப்பன். காலனிக் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தவளிடம், சிமெண்ட் அப்பிய கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"கிட்ட போனா மூடி தானா தொறக்குது. எய்ந்தா தானா தண்ணி ஊத்திக்கிது. அப்பறம் புஸ்ஸுன்னு மல்லிப்பூ வாசன அடிக்கிது. கையே வைக்க வாணாம். உனுக்கு இனிமே அங்க இன்னா வேல கீது?"

"வேல இல்லன்னா அவங்களே சொல்லுவாங்க" என்றாள் தேவகி. குடம் நிரம்பியதும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த வீட்டுக் கழிவறையைக் கழுவிவந்தாள். அது புழக்கடையில் தனியாக நின்ற பழைய கக்கூஸ். செவ்வாயும் சனியும் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சந்து வழியாகப் போவாள், கழுவுவாள், அதே சந்து வழியாகத் திரும்புவாள். முன்வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உள்ளே எத்தனை அறை என்று கேட்டால் தெரியாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பட்டுப் பட்டு அவளுடைய விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. புருஷன் போனதிலிருந்து மனசும் அப்படித்தான். எது நடந்தாலும் அது வேறு யாருக்கோ நடப்பதுபோலத் தள்ளி நின்று பார்ப்பாள்.

ஆனால் அந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது. முட்டி தேய்ந்துபோய் நடவுக்குச் சேற்றில் இறங்க முடியவில்லை. நூறு நாள் வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மாதம் தவறாமல் இருந்தது இந்த ஒரு வீடுதான். இது போனால் வேறு போக்கிடம் கிடையாது.

இருசப்பன் சொன்னபடியே ஆயிற்று. ஆண்டாளம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது, புழக்கடைவரை நடக்க முடியவில்லை. மகன் தாமோதரன் உத்திரமேரூரில் உரக்கடை வைத்திருப்பவர். அம்மாவின் படுக்கையறையோடு ஒட்டி ஒரு கழிவறை கட்டி, சென்னையிலிருந்து அந்த அதிசயத்தை வரவழைத்துப் பொருத்தினார். பழைய கக்கூஸை இடித்துத் தள்ளினார்கள். மருமகள் வளர்மதி புழக்கடையில் நின்றபடியே சொன்னாள்:

"இனிமே வாணாம் தேவகி. எல்லாம் அதுவே பண்ணிக்கிது."

வளர்மதிக்கு முப்பத்தாறு வயது, தேவகிக்கு ஐம்பது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை, தேவகிக்கும்தான். சரிங்க சின்னம்மா என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு மாதம் ரேஷன் அரிசியும் புளித்தண்ணியுமாகப் போயிற்று. அழவில்லை. யாரிடமும் போய் வேலை கேட்கவும் தோன்றவில்லை.

அந்த மெஷினைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ தெரியாது. இந்த ஊர் போர் தண்ணியை அவன் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்ததில்லை என்பது மட்டும் நிச்சயம். இங்கே பானையில் மூன்று நாள் தண்ணீர் நின்றால் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல உப்பு ஏறிவிடும். மெஷினுக்குள்ளும் ஏறியது. தண்ணீர் பீச்சும் சின்ன மூக்கு அடைத்துக்கொண்டு, பீங்கானைக் கழுவவேண்டிய தண்ணீர் கோணலாகப் பாய்ந்து தரையைக் கழுவியது. ஆள் வருவதைப் பார்க்கும் கண்ணாடிக் கண்ணில் வெள்ளைப் படலம் விழுந்து, ஆளில்லாதபோது மூடி திறந்து மல்லிப்பூ வாசனை அடித்தது, ஆள் உட்கார்ந்திருக்கும்போது சும்மா இருந்தது. கம்பெனியிலிருந்து தினகரன் என்றொருவர் வந்து பார்த்தார்.

"வாரம் ரெண்டு தடவ வினிகர் போட்டு மூக்கையும் கண்ணையும் கையால தொடைக்கணும் சார். மத்ததெல்லாம் ஆட்டோமேட்டிக்."

"தொடைக்கிறது ஆட்டோமேட்டிக் இல்லியா?" என்று கேட்டார் தாமோதரன்.

"அதுக்கு ஆளு வேணும் சார்."

வளர்மதி தாமோதரனைப் பார்த்தாள். தாமோதரன் கூரையைப் பார்த்தார். அந்த வீட்டில் பிறந்தவர்களும் வாழ வந்தவர்களும் அதுவரை ஒரு பீங்கானைத் தொட்டுக் கழுவியதில்லை. ஆள் என்றால் தேவகிதான். அதில் யாருக்கும் குழப்பமில்லை. அவள் எப்படி வருவாள் என்பதில்தான் குழப்பம். கழிவறைக்குப் போக அம்மாவின் படுக்கையறையைத் தாண்டவேண்டும். படுக்கையறைக்குப் போக கூடத்தையும் சாமி அறையையும் தாண்டவேண்டும். வேலை நடக்கும்போது அதே காலனி இருசப்பன் அந்தக் கூடத்திலேதான் கலவை குழைத்தான். வேலை முடிந்த அன்றோடு அவன் கால் அங்கே படவில்லை.

தாமோதரன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் இருசப்பனைக் கூப்பிட்டு, கழிவறையின் வெளிச்சுவரை இடிக்கச் சொன்னார். ஒட்டி ஆறு மாதம் ஆகாத டைல்ஸ். இருசப்பன் வெளியே நின்றே இடித்து, வெளியே நின்றே ஒரு பிளாஸ்டிக் கதவைப் பொருத்தினான். அதற்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. சாவியை வளர்மதி மதில் சுவர்மேல் வைத்தாள், தேவகி எடுத்துக்கொண்டாள்.

"உனுக்குன்னே தனி வாசக்கா வச்சிட்டாங்க, ராணி மாரி போ" என்று குழாயடியில் சிரித்தான் இருசப்பன்.

தேவகிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வேலை திரும்பி வந்ததே என்று மட்டும் இருந்தது.

அதன்பிறகு செவ்வாயும் சனியும் சந்து வழியாகப் போய்த் தன் கதவைத் திறப்பாள். இவள் காலடி வைத்ததும் மூடி மரியாதையாகத் திறந்துகொள்ளும். கண்ணைத் துடைப்பாள், மூக்கைத் துடைப்பாள், தரையைத் தேய்ப்பாள். எதிர்ப்பக்கம் படுக்கையறைக்குப் போகும் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அந்த நிலையில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கறுப்புக் கல் பதித்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து ஆண்டாளம்மாள் பேச்சுக் கொடுப்பாள்.

"இன்னாடி தேவகி, அதும் மூக்க சிந்தி வுட்டியா?"

"ஆச்சு பெரியம்மா."

"எனுக்கு முட்டி வலி. அதுக்கு மூக்கடைப்பு. நல்ல ஜோடி."

பல்லில்லாத வாயால் அவளே சிரித்துக்கொள்வாள். கிழவிக்குத் தன்மேல் பிரியம் உண்டு என்றுதான் தேவகி நினைத்தாள், அது பொய்யுமில்லை. கல்லைத் தாண்டாதே என்று யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் வரவேயில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, தென்னேரியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இந்தத் தெருவுக்கு வேண்டியவர்கள் என்பதால் காலை ஏழு மணிக்கே இரண்டு வேன் நிறையத் தெருவே கிளம்பிப் போயிருந்தது. வளர்மதி மாமியாருக்கு நாஷ்டா எடுத்து வைத்துவிட்டு, முன்கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். தாமோதரனும் கூடப் போனார்.

ஒன்பது மணிக்குத் தேவகி தன் கதவைத் திறந்தாள். மூடி திறந்துகொண்டது. ஆண்டாளம்மாள் தரையில் கிடந்தாள்.

கோணலாகப் பீச்சிய தண்ணீர் தரையெல்லாம் நின்றது. அதில் வழுக்கியிருக்கிறாள். ஒரு கால் திரும்பின வாக்கிலேயே தப்பு தெரிந்தது.

"பெரியம்மா!"

"தேவகியா? வளுக்கிட்டேன்டி. இடுப்பு போச்சு. எம்மா நேரமா கத்திக்கினு கீறேன்."

தேவகி மண்டியிட்டு, தோள் துண்டை மடித்து அவள் தலைக்குக் கீழே கொடுத்தாள். விலகிக் கிடந்த புடவையை இழுத்து மூடினாள். கிழவி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தொடுவதற்கு இரண்டு பேருமே யோசிக்கவில்லை. இவள் அசைந்த ஒவ்வொரு தடவையும் மெஷின் ஆள் வந்ததாக எண்ணி மூடியைத் திறந்தது, ஆள் போனதாக எண்ணி மல்லிப்பூ அடித்தது.

அப்போது கட்டிலின்மேல் போன் அடித்தது.

கறுப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம், நாலு அடி. தேவகியின் போன் மெயின் ரோட்டுக்கு அப்பால் காலனி வீட்டில் இருந்தது. ஒரு தடவை பீங்கானுக்குள் விழுந்த பிறகு வேலைக்கு அவள் அதை எடுத்து வருவதில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. தேவகி அதைப் பார்த்தாள். ஆண்டாளம்மாளும் தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன் நின்றது.

"தெருவுல யாரனா இருந்தா கூட்டியாடி" என்றாள் ஆண்டாளம்மாள்.

தேவகி எழுந்து ஓடினாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அதை ஓட்டம் என்று சொல்லலாமென்றால் ஓடினாள். சந்தைத் தாண்டி, கொட்டகையைச் சுற்றி, முன்வாசலுக்கு. பூட்டு. அடுத்த வீடு பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. தெருக்கோடிவரை எல்லா வாசலிலும் கோலம் இருந்தது, ஆள் இல்லை. மெயின் ரோட்டுக்குப் போய், பால் சொசைட்டியைச் சாத்திக்கொண்டிருந்த பச்சமுத்துவைக் கண்டுபிடிக்க முக்கால் மணிநேரம் ஆயிற்று. வழியெல்லாம் பின்னால் எங்கோ அந்த போன் அடித்துக்கொண்டிருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

பச்சமுத்து ஊர்த்தெருக்காரர். பைக்கை நிறுத்திவிட்டு தேவகியின் கதவு வழியாகவே உள்ளே போனார், கல்லைத் தாண்டினார், கட்டிலிலிருந்து போர்வையை உருவிவந்து கிழவிக்குப் போர்த்தினார். பிறகு ஆம்புலன்ஸுக்கும் தாமோதரனுக்கும் பேசினார். தேவகி வெளியே நின்றாள்.

இடுப்பெலும்பு முறிவு. காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். ஈரத்தில் அவ்வளவு நேரம் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம் பிழைப்பாளா என்றே தெரியவில்லை. பிழைத்து, மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். இனி எழுந்து நடக்கப்போவதில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தேவகி வழக்கம்போலப் போய்க் கதவைத் திறந்தபோது, உள்கதவு நிலையில் வளர்மதி நின்றிருந்தாள். தேவகிக்காகவே நின்றிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"நான்தான் போன் பண்ணேன் தேவகி, ஆறு தடவ. அம்மா சாப்டாங்களான்னு கேக்க. எடுத்து காதுல வச்சிருந்தா போதும். உடனே வண்டி எடுத்துக்கினு வந்திருப்போம்."

தேவகியின் பார்வை கறுப்புக் கல்லுக்குப் போயிற்று.

"நாலு அடி. போயி எடுத்திருந்தா இன்னா? நாங்க வாணாம்னா சொல்லப்போறோம்? உயிரு போற நேரத்துல யாருனா இதெல்லாம் பாப்பாங்களா? நீயாதான நெனச்சிக்கினு நின்னுக்கினே?"

தேவகி உதட்டைத் திறந்தாள். பெரியம்மாதான் தெருவுக்குப் போகச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அது முழு உண்மையில்லை என்று அவளுக்கே தெரியும். கிழவி சொல்லாமல் இருந்திருந்தாலும் தெருவுக்குத்தான் ஓடியிருப்பாள். அவள் காலுக்கு வேறு வழி தெரியாது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. யாரை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"அவங்க இனிமே கட்டில்லயேதான். இத யாரும் போவப்போறதில்ல. நீ வர வாணாம்" என்றாள் வளர்மதி. "சாவிய அந்த செவுத்துமேல வச்சிடு."

"சரிங்க சின்னம்மா." தேவகி சாவியைப் பூட்டிலிருந்து உருவினாள். பிறகு, தானே எதிர்பாராமல் கேட்டாள்: "பெரியம்மாவ ஒரு தபா பாத்துட்டு போறேங்க."

கேட்டுக்கொண்டே ஒரு அடி முன்னால் வைத்தாள்.

வளர்மதியின் கை சட்டென்று நிலையின் குறுக்கே போயிற்று. யோசித்து நீட்டிய கையில்லை, தானாக நீண்ட கை. "ஏய், இரு, இரு. அங்கியே இரு. அவங்க தூங்கறாங்க."

அந்தக் கைக்கு மேலாகக் கட்டில் தெரிந்தது. ஆண்டாளம்மாள் தூங்கவில்லை. தலையணையில் முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, கண்ணைத் திறந்துகொண்டு தேவகியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை, வாணாம் என்றும் சொல்லவில்லை. தேவகி முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.