லெகஸ்பி என்று போடுங்கள்

“கல்யாணப் பத்திரிகையில நான் டாக்டருக்குப் படிச்ச ஊர் பேரையும் போடுங்க ஆன்ட்டி. லெகஸ்பி, பிலிப்பைன்ஸ்.”

சுகர் லேண்டில் மாப்பிள்ளை வீட்டில் எதையும் கேட்டுவிடாதே என்று ஈரோட்டிலிருந்து அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தென்றல் கேட்டேவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா நாகலக்ஷ்மி ஆன்ட்டி சிரித்தாள். “ஊர்ல சீட் கிடைக்காமதான் நீ அங்க போனேன்னு சுகர் லேண்ட் தமிழ் ஆளுங்க எல்லாம் பேசுவாங்கம்மா. ஃபாரின்னு போட்டா போதும்.”

“லீவ் இட், தென்றல். ஏதோ சின்ன டவுன்தானே?” என்றான் மாப்பிள்ளை ஆர்யன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

சின்ன டவுனாம்! அல்பாய் மாகாணத்துக்கே தலைநகர். முன்னால் கடல், பின்னால் மாயோன் எரிமலை. 1814இல் அந்த மலை பக்கத்து ஊரையே புதைத்தும், அங்கிருந்த தேவாலயத்தின் மணிக்கூண்டு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. விடுதி மாடியில் காயும் துணியில் சாம்பல் விழும். திட்டிக்கொண்டே மறுபடி அலசுவார்கள். மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தால் அன்றைய பரீட்சை பாஸ் என்று ஒரு நம்பிக்கை. அவள் குடும்பத்தின் முதல் பட்டம் அந்த மாடியில் படித்து வாங்கியது.

“அந்த ஊர் வேண்டாம்னா, அந்தப் பத்திரிகையில என் பேரும் வேண்டாம் ஆன்ட்டி.”

“ஏய், டிராமா பண்ணாத!” என்றான் ஆர்யன்.

நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தன் காரை நோக்கி நடந்தாள்.