உள்ளூர்வாசி ஒருவர்

1

இந்தக் கதை ஓர் இரங்கல் குறிப்பின் ஓரத்தில் பிறந்தது. டாக்காவில் எங்கள் பத்திரிகையில், பெரிய மனிதர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களுக்கு இரங்கல் எழுதி வைத்துவிடுவோம். ஆசிரியர் லுத்ஃபர் பாய்க்கு எழுதியது நான். அதையே கதையின் தொடக்கமாக வைக்கலாமா என்று பார்த்தேன்:

'அஞ்சா நெஞ்சர், நாற்பதாண்டு எழுத்துப் போராளி, இமயமென...'

(டாக்காவிலிருந்து பார்த்தால் இமயம் தெரியாது. விட்டுவிட்டேன்.)

2

போன மாதம், படுக்கையில் சாய்ந்தபடி அவரே அதைக் கேட்டு வாங்கித் திருத்தினார்.

"அஞ்சா நெஞ்சர்னு நாலு இடத்துல போட்டிருக்கியே. ஊசியோட நர்ஸ் வந்தாலே எனக்கு நடுங்குது. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாமில்ல?"

"எல்லாருக்கும் போடுறதுதானே, பாய்."

"அதனாலதான் அடிக்கிறேன்."

நான்கையும் அடித்தார். பிறகு ஓரத்தில் ஒரு வரி எழுதினார். காரணம் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், தென்மேற்கே சாத்கிரா மாவட்டத்தில் எங்கள் நிருபர் ஒருவர் கொல்லப்

(நிறுத்துகிறேன். 'நிருபர் ஒருவர்.' நானும் அதையேதான் செய்கிறேன்.)

நிகில் மண்டல். நெல்வயல்களில் உப்புநீரைத் திறந்துவிட்டு இறால் வளர்த்த முதலாளியைப் பற்றி எழுதினார், வெட்டிக் கொன்றார்கள். மாவட்ட நிருபர்களுக்கு நாங்கள் அடையாள அட்டை கொடுப்போம், நியமனக் கடிதம் கொடுக்க மாட்டோம். எங்கள் ஆள் என்று அச்சிட்டால் நஷ்டஈடும் வழக்கும் எங்கள் தலையில் விழும். செய்தியில் 'எங்கள் நிருபர்' என்றிருந்ததை லுத்ஃபர் பாய் தன் கையால் 'உள்ளூர்வாசி ஒருவர்' என்று மாற்றினார். அலுவலகத்துக்கே வந்து நின்ற நிகிலின் மனைவி ஷெஃபாலியிடம், "நாளைக்குத் திருத்தம் போட்டுடுறோம், தங்கச்சி" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

ஓரத்தில் எழுதிய வரி இது: 'திருத்தம்: கொல்லப்பட்டவர் எங்கள் நிருபர் நிகில் மண்டல். மாற்றியவன் நான்.'

3

இன்று காலை லுத்ஃபர் பாய் இறந்தார். பொறுப்பாசிரியர் மஹ்தாப் பாய் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"ஜனாஸா தொழுகைக்கு மந்திரி வர்றாரு. இந்த நேரத்துல இது என்னய்யா?"

"அவரே எழுதினது, பாய்."

"சாகக் கிடக்கிறவர் எழுதுறதெல்லாம் செய்தியா? அஞ்சா நெஞ்சரைத் திரும்பப் போடு. நாலும்."

"ஒண்ணாவது குறைச்சுக்கலாமா?"

"தலைப்புலயும் ஒண்ணு போடு."

4

இரண்டு பக்கங்கள் தயார். ஒன்றில் ஐந்து அஞ்சா நெஞ்சர்கள். மற்றதில் அந்த ஒரு வரி. மாலை ஏழு மணிக்குள் ஒன்றை அச்சுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவதை அனுப்பினால் என் வேலை போகும்.

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். திருத்தம் வெளிவருகிற முடிவில் நான் வீரனாக வந்தேன். நடை தாங்கவில்லை, ஆறாவதாக ஓர் அஞ்சா நெஞ்சரைத் தேடவேண்டியதாயிற்று. வெளிவராத முடிவு சரளமாக வந்துவிட்டது. அதுதான் பயமாயிருக்கிறது.

எதை அனுப்பப்போகிறேன் என்று எழுத மாட்டேன். நாளை பத்து மணிக்கு டாக்கா பேருந்திலிருந்து பேப்பர் கட்டு சாத்கிராவில் இறங்கும். லுத்ஃபர் பாய் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு ஷெஃபாலி அங்கே வந்து நிற்பார். கட்டைப் பிரித்து அவர் கையில் ஒரு பிரதியைக் கொடுக்கப்போகிறவர், இதைப் படிக்கிற நீங்கள்.

முதல் பக்கத்தை அவர் படித்து முடிக்கும்வரை, அங்கேயே நில்லுங்கள்.