உள்பக்கம் திறக்கும் கேட்

அந்தத் தெருவின் கடைசி வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டால் வீடு மேலே ஏறும். சின்னக் கோபமென்றால் ஒரு படி உயரம், பெரிய கோபமென்றால் பக்கத்து வீட்டு மொட்டைமாடி உயரம். வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே கார் ஏறுவதற்காகப் போட்டிருந்த சிமெண்டுச் சரிவு, சாலை முனையில் அசையாமல் நின்றுகொண்டு வீட்டு முனையில் மட்டும் வீட்டோடு சேர்ந்து எழும். விரிசல் விடாது, சத்தமும் வராது. சிமெண்டு விலை தாறுமாறாக ஏறிய வருடத்தில் கட்டிய வீடு, கலவையில் ஏதோ கைவைத்திருப்பார்கள் என்று எதிர்வீட்டு ரிட்டயர்டு மேனேஜர் அபிப்பிராயப்பட்டார். கட்டிய மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், மட்டம் வைத்துப் பார்த்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை, குடியிருக்கிறவர்கள்தான் கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடியிருந்தது இரண்டே பேர். அவள் பல் டாக்டர். தெருவில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல் அவள் கையால் கழன்றதுதான். அவன் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவன், பிளான் சார் என்றால்தான் தெரியும். ஊரில் ஒரு மாடிப்படி வசதியாக ஏறும்படி இருக்கிறதென்றால் அது அவன் போட்ட படியாகத்தான் இருக்கும். அவளுக்குக் கோபம் வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவன் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதுவானாலும் மென்று விழுங்கிவிட்டு, "பார்க்கலாம்" என்பான். அதனால் வீடு ஏறிய உயரமெல்லாம் பேசிவைத்ததுபோல் அவள் கணக்கிலேயே எழுதப்பட்டது. இப்படி ஒரு பொறுமைசாலியை வைத்துக்கொண்டு இந்த அம்மா ஏன் இப்படித் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறாள் என்று தெரு அவளைப் பற்றி முணுமுணுத்தது. அவளுக்கே அது சரியென்றுதான் பட்டது.

வீடு முதலில் ஏறியது கல்யாணமான வருடம், அவள் கார் நிறுத்தும் விதத்தை அவன் திருத்தியபோது. பிறகு பழகிவிட்டது. காரின் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார்கள். பிளம்பர் வந்து இழுத்தால் நீளும் குழாய் மாட்டிக் கொடுத்தார். காலையில் பால் போடுகிறவர் முதலில் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை நிறுத்துவார். ஏறிய நாட்களில் சமையலறை ஜன்னலிலிருந்து ஆற்றின் வளைவும் அதற்கப்பால் பெயர் தெரியாத ஊர்களின் விளக்குகளும் தெரியும். மேகம் உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும், தலையணை உறைகள் ஈரமாகும். கோபம் தணிந்து வீடு இறங்கும்போது வெயில்மறைப்பின் மேல் அந்தப் பக்கத்திலேயே வளராத மரத்தின் இலைகள் ஒட்டியிருக்கும். அவள் அவற்றைப் பெருக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு கிளினிக்குக்குக் கிளம்புவாள்.

ஏறிய நாட்களில் அவன் பெரும்பாலும் வீட்டில் இருக்கமாட்டான். சாலையோரச் சுவரை ஒட்டி அவனுக்கு ஒரு சின்ன அறை உண்டு, வரைபடப் பலகையும் ஒரு ஸ்டூலும் போட்டது. அது வீட்டோடு ஒட்டாமல் தனியாக நின்றதால் ஏறாது. மேலே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்க, அவன் அங்கே உட்கார்ந்து யாருடைய வீட்டுக்கோ ஜன்னல் வரைந்துகொண்டிருப்பான்.

கேட் என்ற பேச்சு வந்தது ஒரு வேனால். அந்த வீட்டுக்கு அதுவரை கேட் கிடையாது. தெரு அங்கே முடிந்துவிடுவதால் வண்டிகள் அவர்கள் சரிவில் ஏறித்தான் திரும்பும். யாருக்கோ பீரோ ஏற்றிக்கொண்டு வந்த வேன் அப்படித் திரும்பிய நேரத்தில் உள்ளே வாக்குவாதம் முற்றி, வீடு வேனையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பீரோ பாரத்தோடு அந்தச் சரிவில் இறங்க முடியாமல் டிரைவர் மறுநாள் மத்தியானம் வரை மேலேயே இருந்தார். அவர்களோடு சாப்பிட்டார், சோபாவில் தூங்கினார். "விடுங்கக்கா, அண்ணன் எவ்வளவு நல்லவரு, நீங்கதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்" என்று சமாதானம் பேசப் போய் வீடு இன்னும் ஒரு முழம் ஏறியது. அவர் இறங்கிப் போன பிறகு, இனி ஊரான் வண்டியெல்லாம் நம் சண்டையில் மாட்டக் கூடாது, கேட் போட்டுவிடலாம் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அபூர்வமாக நடப்பது அது.

கேட் தேர்ந்தெடுப்பது சாதாரண விஷயமில்லை என்று எதிர்வீட்டு மேனேஜர் காலையும் மாலையும் வந்து விளக்கினார். அவர் வீட்டில் ரிமோட்டில் திறக்கும் கேட் போட்டிருந்தார். கரண்ட் போனால் அவரே உள்ளே மாட்டிக்கொள்வார், அதைச் சொல்லமாட்டார். பட்டறைக்காரர் படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிரில் வைத்தால் காற்று போகும், வீட்டுக்குள் நடப்பது தெருவுக்குத் தெரியும். தகடு அடித்தால் தெரியாது, ஆனால் பெருங்காற்றுக்குக் கீல் ஆடும். வெளிப்பக்கம் திறந்தால் நடைபாதையில் போகிறவர் முகத்தில் இடிக்கும், நகராட்சி விடாது. தண்டவாளத்தில் ஓடும் ஸ்லைடிங் கேட் நல்லதுதான், இந்தச் சரிவு நெளிகிற நெளிப்பில் தண்டவாளம் தாங்காது. அவர் சரிவை மூன்று தடவை அளந்தார், மூன்று அளவு வந்தது. மூன்றையும் எழுதிக்கொண்டு காதில் பென்சிலைச் செருகினார்.

அவன்தான் முடிவு செய்தான். உள்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு, ஆள் உயரத்துக்கு மேல், முழுக்கத் தகடு. ஆள் நுழையும் சின்ன கேட் வேண்டாம், பார்க்க லட்சணமாக இருக்காது. பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சார், வீடு ஏறுச்சுன்னா சரிவு தூக்குமே. உள்ள திறக்கிற கதவு தரையில முட்டுமே."

"இப்பல்லாம் எங்க வீட்ல சண்டையே இல்லை" என்றான் அவன். அது நிஜம்தான். வேன் போன பிறகு வீடு தரையிலேயேதான் இருந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் தொலைவில் ஒரு ஊரிலிருந்து பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அவளைப் பாடம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். வாரம் முழுக்க அங்கே தங்க வேண்டும், சனிக்கிழமை வீட்டுக்கு வரலாம். படிக்கிற காலத்திலிருந்து அவள் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போய், பிடுங்காமல் காப்பாற்றுவது எப்படி என்று யாருக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று ஏங்கிக்கொண்டிருந்தாள். அவனிடம் சொன்னாள். அவன் "பார்க்கலாம்" என்றான். போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கேட் வந்து நின்றது, கரும்பச்சை நிறத்தில் கம்பீரமாக. வேலையில் சேர வேண்டிய நாள் காலையில் அவள் பெட்டியைக் காரில் வைத்தாள், சாவியை எடுத்தாள். "இன்னைக்கே போகணுமா? அடுத்த மாசம் பார்க்கலாமே" என்றான் அவன், காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே. வீடு எழுந்தது. அவள் சரிவில் இறங்கி வந்து கேட்டை இழுத்தாள். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து, எழுந்திருந்த சிமெண்டில் முட்டி நின்றது. காரால் இடித்துத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை, ஏணி போட்டுச் சுவரேறிக் குதிக்க அவள் திருடியும் இல்லை. கல்லூரிக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்றாள். சாயங்காலம் கோபம் தணிந்தது, வீடு இறங்கியது, கேட் விரலால் தள்ளினாலே திறந்தது. ஆனால் கோபம் போன பிறகு அவளால் கிளம்ப முடிவதில்லை. அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் மனசு கேட்காது. கோபத்தில் மட்டும்தான் அவளுக்குக் கால் வாசலைத் தாண்டும்.

கல்லூரிக்காரர்கள் இன்னொரு தேதி கொடுத்தார்கள். அன்றும் அப்படியே ஆயிற்று. கேட் முட்டியதும் அவள் திரும்ப மேலே ஏறிப்போய் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள். பறவைகள் கண்ணாடிக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தன. மேகம் ஒன்று ஒரு ஜன்னல் வழியாக வந்து, பின்சீட்டில் சற்று நேரம் இருந்துவிட்டு, மறு ஜன்னல் வழியாகப் போனது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அவள் கீழே கேட்டைப் பார்த்தாள். கதவின் அடியில் விட்டிருந்த இடைவெளி எவ்வளவு குறைவு என்று அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் படி போட்டுக் கொடுக்கிறவன் தன் வீட்டு வாசலில் இந்தத் தப்பைச் செய்வானா என்று யோசித்தாள். செய்யமாட்டான். காரிலிருந்து இறங்கி, அவனுடைய அறைக்குப் போய் நின்றாள்.

"தெரிஞ்சேதான் இந்த கேட்டை வச்சீங்களா?"

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். "ஆமா."

"என்னை அடைச்சு வைக்கவா?"

"கோபம் தீர்ற வரைக்கும்தான். கோபம் தீர்ந்துட்டா நீ போகமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

அவள் கத்தவில்லை. அதுவே தெருவுக்கு ஆச்சரியம். ஆனால் வீடு அன்று ஏறியதுபோல் அதற்கு முன்னால் ஏறியதில்லை. தண்ணீர்க் குழாய் இழுபட்டு விறைத்து நின்றது. மேனேஜர் வீட்டு மொட்டைமாடிக்கும் மேலே, மரங்களுக்கும் மேலே போய், அதன் நிழல் தெருவில் வந்து விழுந்தது. நிழல் நன்றாக இருக்கிறதென்று சிலர் அதில் வண்டியை நிறுத்தினார்கள்.

"கடைசியா ஒரு தேதி குடுத்திருக்காங்க, அடுத்த மாசம்" என்றாள் அவள். "அதுக்குள்ள நீங்களே கேட்டை மாத்துங்க. எந்த மாதிரின்னு நான் சொல்லமாட்டேன். நான் எவ்வளவு கோபமா இருந்தாலும் திறக்கணும், அவ்வளவுதான்."

அவன் பட்டறைக்காரருக்குப் போன் செய்தான். கேட் திறக்காததால் இருவரும் கதவு இடுக்கில் முகத்தை வைத்துப் பேசிக்கொண்டார்கள். கேட்டே வேண்டாம் என்று எடுத்துவிடலாமா என்று அவன் கேட்டான். எடுத்துவிட்டால் மறுபடி ஊரான் வேன்தான் மேலே போகும் என்றார் அவர்.

"ஒண்ணு இருக்கு சார். ஒரு பக்கத் தூண்லயே தொங்குற ஸ்லைடிங். தண்டவாளம் கிடையாது, தரையைத் தொடவே தொடாது. வீடு ஆகாசத்துக்குப் போனாலும் திறக்கும். ஆனா கேட் ஒதுங்கி நிக்க சுவரோரமா நல்ல நீளம் வேணும்." அவர் இடுக்கு வழியாகக் கையை விட்டுக் காட்டினார். "உங்க ரூம்தான் அங்க நிக்குது."

அவன் அறைக்குள் போய் ஸ்டூலை எடுத்து வெளியே வைத்தான். பிறகு "இடிச்சிடுங்க" என்றான்.

பழைய கேட்டைக் கழற்றிவிட்டு அறையை இடித்தார்கள். பலகையும் ஸ்டூலும் ஹாலுக்குப் போயின. வீடு எவ்வளவு ஏறினாலும் இனி அவனும் அதோடு ஏற வேண்டியதுதான், கீழே ஒதுங்க இடமில்லை. அந்த மாதம் முழுக்க வீடு நடுவாந்திரமான உயரத்திலேயே நின்றது. அவள் கிளினிக்குக்குப் போய்வந்தாள், அவன் ஹாலில் உட்கார்ந்து மேகத்தின் ஈரம் காகிதத்தில் படாமல் துணி விரித்து வரைந்தான். புது கேட்டை மாட்டிய அன்று பட்டறைக்காரர் அதை இழுத்துக் காட்டினார். வீடு மேலே இருக்க, கேட் தரையைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு ஒதுங்கியது. மேனேஜர் வந்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்.

கடைசித் தேதி வந்தது. அன்று காலையில் ஒரு சொல் வாக்குவாதமில்லை. அவன் "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. ஆனாலும் வீடு மரங்களுக்கு மேலே நின்றது. தனக்கு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் சரிவில் பிடித்துப் பிடித்து இறங்கிப்போய் ஒரு கையால் கேட்டைத் தள்ளினான். திறந்தது. அவள் பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கி, அவனைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி, சாப்பாட்டை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அவன் தலையாட்டினான். கார் தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

கோபக்காரி போய்விட்டாள், இனி வீடு இறங்கிவிடும் என்று தெரு காத்திருந்தது. பால்காரர் மறுநாள் நிமிர்ந்து பார்த்தார், சைக்கிளை நிறுத்தாமல் போனார். அதற்கு மறுநாளும் இறங்கவில்லை. அவள் சாயங்காலம் போன் செய்தாள்.

"வீடு இறங்கிடுச்சா?"

"இல்லை."

"எனக்குக் கோபமே இல்லையேங்க. ஊர் எல்லை தாண்டுறப்பவே தேடிப் பார்த்தேன், இல்லை."

"தெரியும்" என்றான் அவன். இத்தனை வருடமும் தன் பேரில் எழுதிய உயரத்தையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவன் ஜன்னலோரம் நின்றிருந்தான், கீழே ஊர் சின்னதாக விளக்கேற்றிக்கொண்டிருந்தது.

"அது நான்தான்" என்றான். "முழுக்க இல்லை. பாதிக்கு மேல நான்தான்."

"என்ன கோபம் உங்களுக்கு?"

அவனுக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை. "நீ போனது எனக்குப் பிடிக்கலை" என்றான். அந்த வீட்டில் அவன் உரக்கச் சொன்ன முதல் வாக்கியம் அது. வீடு ஒரு படி இறங்கியது. டம்ளரில் தண்ணீர் அலம்பியது.

"சரி. மீதியை நாளைக்குச் சொல்லுங்க" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவன் தினமும் சாயங்காலம் போனில் ஏதாவது ஒரு கோபத்தைச் சொன்னான். பழையது, புதியது, அற்பமானது, மாமியார் வீட்டில் யாரோ எப்போதோ சொன்னது. சில நாள் அவள் திருப்பிக் கத்தினாள், அப்போது கல்லூரி விடுதியில் அவள் இருந்த அறை லேசாக அசைந்ததாகப் பக்கத்து அறைக்காரி சொன்னாள். வீடு படி படியாக இறங்கியது. அவசரமில்லாமல் இறங்கியது. தெருக்காரர்கள் அவள் கணக்கில் எழுதியதை அவன் கணக்கில் மாற்றி எழுதிக்கொண்டார்கள், யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பால்காரர் ஒரு கூடையில் கயிறு கட்டிப் பாக்கெட்டை மேலே அனுப்பப் பழகிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தபோது வீடு இன்னும் ஒரு மாடி உயரத்தில் இருந்தது. கேட் திறந்திருந்தது. அவள் முதல் கியரைப் போட்டு மேலே ஏறினாள்.