முன்னால் நடக்கிறவர்

...அதுவும் யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு முறை வேண்டாமா, “கால நல்லா எட்டி வை, இந்த வயசுல உக்காந்துட்டோம்னா அப்புறம் எந்திரிக்கவே முடியாது” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு போகிறார் மனிதர், பின்னால் வருகிறவளின் காதில் விழும் என்ற நம்பிக்கை, விழாமல் எங்கே போகும், முப்பத்து மூன்று வருடமாக இவர் பேச்சு விழுந்து விழுந்து தழும்பேறிப்போன காது. உட்கார்ந்துவிட்டோம் என்றால்! யார் உட்கார்ந்தது? அவளா? ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த நாளிலிருந்து எட்டு மணி நேரம், மாற்று ஆள் வராத நாளில் பன்னிரண்டு மணி நேரம், நாற்பது கட்டில் போட்ட கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து பாதம் ஒரு அளவு பெரிதாகி, இப்போது செருப்புக் கடையில் ஆண்கள் பக்கம் போய்த் தேட வேண்டியிருக்கிறது, அவளுக்கு நடக்கச் சொல்லித் தருகிறார், யார், பதிவு அலுவலகத்தில் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, குடிக்கிற தண்ணீரையும் மேஜைக்கே வரவழைத்தவர், பேனா கீழே விழுந்தால் மணியடித்து ஆள் கூப்பிட்டவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, வாரத்தில் அவளுக்கென்று இருக்கிற ஒரே விடுமுறை, அதற்கும் வந்தது கேடு, மூன்று மாதமாக ஒரு ஞாயிறு தப்பாமல் ஏரியைச் சுற்றி இந்த ஊர்வலம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் என்ன ஆட்டம்! மறுநாளே வெள்ளைக் காலணி வந்தது, கழுத்தில் போட்டுக்கொள்ளத் துண்டு வந்தது, வெளியூரிலிருந்து மகள் அனுப்பிய கடிகாரம் வந்தது, அது நடந்ததை எண்ணும், நாடியை எண்ணும், தூங்கினதைக்கூட எண்ணிச் சொல்லும், இவர் எத்தனை தடவை தட்டைக் கழுவினார் என்று மட்டும் எண்ணாது, எண்ணினால் பூஜ்யம் போட்டே ஓய்ந்துபோகும். “அம்மாவையும் கூட்டிட்டுப் போங்கப்பா, ரொம்ப வெயிட் போட்டுட்டாங்க” என்று மகள் போனில் சொன்னதை இவர் சத்தமாக வைத்து வீடு முழுக்கக் கேட்கவிட்டாரே... அவள் கையில் அப்போது மாவு, அடுப்பில் பால், கை கழுவிவிட்டுப் போய் ‘ஏண்டி, உன்னைப் பெத்து மூணாம் மாசம் பால் கட்டின மாரோட டியூட்டிக்குப் போனவடி நான்’ என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, பால் பொங்கிவிட்டது. எத்தனை சண்டைகள் இப்படிப் பால் பொங்கியதால் நடக்காமலே போயின? போடாத சண்டையெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது, முட்டியிலா? இடது முட்டி இன்று படியிறங்கும்போதே நறநறவென்றது, முன்பெல்லாம் மழைக்காலத்தில்தான் பேசும், இப்போது எல்லாக் காலமும் வாயாடுகிறது.

கடைசி வளைவில் அந்தக் கோஷ்டி, நினைத்தாள், தப்பவில்லை. நாலு ஆம்பிளைகள், நாலு பேருமே ஓய்வு, சிமெண்டு பெஞ்சைச் சுற்றி நின்று காலை மடக்கி நீட்டிக்கொண்டு, நடுவில் கேப்டன், அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டனில்லை, சினிமாக் கொட்டகையில் மேனேஜராக இருந்தவராம், கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டதால் அந்தப் பட்டம். “என்ன சிஸ்டர், இன்னைக்காவது ரெண்டாவது ரவுண்டு உண்டா, இல்ல வழக்கம்போல பெஞ்சா?” என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், ஊரான் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறான், ஆனால் இவர், இவரல்லவா முதலில் சிரித்தது, சிரித்ததோடு விட்டாரா, “அவளுக்கு மூட்டு சார், ஒரு ரவுண்டுக்கே மூச்சு வாங்கும், ஏதோ நான் இழுத்துட்டு வர்றேன்” என்று விளக்கம் வேறு. இழுத்துக்கொண்டு வருகிறாராம். அவளென்ன வண்டியா? உச்சி வரை சுர்ரென்று ஏறியது. கேப்டன் போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தபோது அந்த மேல்சட்டையைக் கத்தரித்து ஊசி போட்டது இந்த மூட்டுக்காரிதான், அன்றைக்கு அவர் வாயில் விசில் இல்லை, அம்மா அம்மா என்றுதான் வந்தது, சொல்லட்டுமா இப்போது இத்தனை பேருக்கு நடுவில்? சொல்ல மாட்டாள், ஆஸ்பத்திரியில் பார்த்ததை வெளியே பேசக்கூடாது, அந்தக் கட்டுப்பாடும் அவளுக்குத்தான், அடுத்தவர் முட்டியைக் கடைவீதிக்குக் கொண்டுவரும் உரிமை இவர்களுக்கு.

சிரிப்பு முதுகில் ஒட்டிக்கொண்டே வருகிறது. எல்லோரும் ஒன்று கூடிப் பேசிவைத்துக்கொண்டார்களா என்ன, இந்த வருடம் இவளைக் கிழவியாக்கிவிடுவது என்று? பஸ்ஸில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், எழுந்து “உக்காருங்க பாட்டி” என்றாள், ஐம்பத்தெட்டுக்குப் பாட்டியா, மகளுக்கே இன்னும் குழந்தையில்லை, சட்டப்படியும் பாட்டியில்லை, ஆனாலும் உட்கார்ந்துவிட்டாள், அதுதான் இன்னும் எரிகிறது, ஏன் உட்கார்ந்தாள்? அப்புறம் மருந்துக் குப்பி... அது புதன்கிழமை, குப்பியின் கழுத்தில் பொடியாக எழுதியிருந்த அளவைப் படிக்க முடியவில்லை, வெளிச்சத்தில் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள், எழுத்து எறும்புப் புற்றாக நெளிந்தது, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நர்ஸுப் பெண் “குடுங்க சிஸ்டர், நான் பாக்கறேன்” என்று மெதுவாக வாங்கிக்கொண்டாள், மரியாதையாகத்தான் வாங்கினாள், கன்னத்தில் அறைந்து வாங்கியிருந்தால் தேவலை. வெள்ளிக்கிழமை மேட்ரன் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினாள், இவளைவிடப் பதினோரு வயது சின்னவள், எழுந்து நின்று பேசினாள், மேட்ரன் எழுந்து நின்று பேசினால் நல்ல சேதி கிடையாது. “உங்க நல்லதுக்குத்தான் சிஸ்டர். அடுத்த மாசத்துலேர்ந்து கீழ சீட்டு எழுதற இடத்துல உக்காந்துக்கோங்க. காலுக்கும் ரெஸ்ட்டு.” நல்லதுக்கு. உலகத்தில் இவளுக்கு நல்லது செய்யத்தான் எத்தனை பேர்! “நான் கேட்டனா?” என்றாள், “கேக்க மாட்டீங்கன்னு தெரியும்” என்றாள் மேட்ரன், இவள் வெளியே வந்து மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள், யாரும் பார்க்கவில்லை, மேலே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் யாரும் பார்க்கவில்லை.

இதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்? “அப்போ நிச்சயமா தெனமும் நடக்கணும்” என்பார். நடக்கணுமா, நடந்து காட்டட்டுமா, இதோ பார், என்று காலை எட்டிப் போட்டாள், வார்டில் யாருக்காவது மூச்சுத் திணறினால் போடுகிற நடை, ஓட்டமுமில்லை நடையுமில்லை, குதிகால் தரையில் பாவாது, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவரைப் பக்கவாட்டில் தாண்டினாள், தாண்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் சிரிப்பு வந்தாலும் வந்துவிடும். “ஏய், ஏய், மெதுவா போ, விழுந்து கிழுந்து வைக்கப் போற!” “நீங்கதான எட்டி வைக்கச் சொன்னீங்க?” அவ்வளவுதான், அதற்குமேல் மூச்சைச் செலவழிக்கவில்லை. ஆஹா, முன்னால் யாருமில்லாத பாதை எப்படி இருக்கிறது! முட்டி கத்தியது, கத்தட்டும், மூச்சு இரைத்தது, இரைக்கட்டும், ஒவ்வொரு எட்டுக்கும் ஒருவரை மிதித்தாள், இது கேப்டனுக்கு, இது பஸ்காரிக்கு, இது மேட்ரனுக்கு, இது மகளுக்கு, மகளுக்குக் கொஞ்சம் மெல்ல, மற்றதெல்லாம் இவருக்கு, ஒரு முழம் பாதைகூட வேறு யாருக்கும் மிச்சமில்லை. பெஞ்சு வந்தது, சுற்று முடிகிற இடத்தில் அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சு, அதைத் தாண்டினாள், கேப்டன் பார்த்தாரா, பார்த்திருக்க வேண்டும், பார்க்காவிட்டால் இந்த முட்டிவலிக்கு என்ன பலன்?

இரண்டாம் சுற்றின் முதல் வளைவில் நின்றாள். சொல்லிவிட வேண்டியதுதான், மூச்சிரைப்போடு, கோபத்தோடு, எல்லாவற்றையும், ‘எனக்கு நாற்காலி குடுத்துட்டாங்க, உங்களுக்குச் சந்தோஷமா, இனிமே நானும் மணியடிச்சுத் தண்ணி கேக்கறேன்’ என்று முகத்துக்கு நேரே. வாக்கியத்தை வாயில் தயாராக வைத்துக்கொண்டு திரும்பினாள். அவர் வந்துகொண்டிருந்தார். தூரத்தில், இருபது கட்டில் தள்ளி இருக்கும், தனியாக. மூன்று மாதத்தில் அவர் தன்னை நோக்கி நடந்து வருவதை இப்போதுதான் பார்க்கிறாள், இத்தனை ஞாயிறும் தலையைக் குனிந்துகொண்டு, மனசுக்குள் கறுவிக்கொண்டு பின்னால் வந்தவள்... வலது கை நன்றாக வீசுகிறது. இடது கை? இடது கை வீசவில்லை. முழங்கையில் லேசாக மடங்கி, இடுப்போடு ஒட்டி, யாரோ கொடுத்து வைத்த பொருள்போலச் சும்மா வருகிறது. களைப்பாயிருக்கும். கடிகாரம் அந்தக் கையில்தானே, அதைப் பார்க்க மடக்கியிருப்பார். பார்க்கவில்லையே. இடது கால்கூட ஒரு நூலளவு பின்தங்கித் தரையைத் தேய்க்கிறது, அந்த வெள்ளைக் காலணியின் முனை... எத்தனை பேரை இந்த நடையில் பார்த்திருக்கிறாள், டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்க்கச் சுத்தியலை எடுப்பதற்கு முன்னாலேயே, வாசலிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள்ளேயே இது இன்ன நரம்பு நோய் என்று தெரிந்துவிடும், கூட வந்த மனைவிகளிடம் “எவ்வளவு நாளா இப்படி? கூடவே இருக்கீங்க, கவனிக்கலயா?” என்று கேட்டிருக்கிறாள், எவ்வளவு சுலபமாகக் கேட்டிருக்கிறாள்.

சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம், ஓய்வு பெற்ற சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். கடைக்கு அவர் எழுதித் தந்த சீட்டில் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போன எழுத்து, கடைசி வரி கடுகு கடுகாக, “இது என்ன எழுத்தா, பூச்சி ஊர்ந்ததா” என்று எரிந்து விழுந்துவிட்டு, அப்புறம் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். கண் இல்லையா அது? குப்பியைப் படிக்க முடியாதது கண்ணால்தான், அதில் பொய்யில்லை. சீட்டு? அந்த நடைக்காரர்களின் எழுத்தும் இப்படித்தான் சிறுத்துப்போகும். அவர் பக்கத்தில் வந்து நின்றார், துண்டால் நெற்றியைத் துடைத்தார், வலது கையால். “என்ன முறைக்கற? ஜெயிச்சுட்ட, சரி. என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு?” “ஒண்ணுமில்ல.” “முட்டி எப்படி இருக்கு?” “நல்லாத்தான் இருக்கு.” “நடந்தா எல்லாம் சரியாயிடும்” என்றார், அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, ஏரியைப் பார்த்துச் சொன்னார். கோபம் போகவில்லை, போவதற்கு ஆளில்லை, கேப்டனைத் தேடிப் பார்த்தது, மேட்ரனைத் தேடியது, கடைசியில் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. “நீங்க முன்னால போங்க” என்றாள். “ஏன், தோத்தவன்தான பின்னால வரணும்?” “போங்கன்னு சொல்றேன்ல.” அவர் போனார், அவள் ஆறு எட்டு விட்டுப் பின்னால் நடந்தாள், அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வீசு, ஒரு தடவை வீசு, என்று பல்லைக் கடித்துக்கொண்டு. ஓய்வு வயதுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கும்போதே விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாரே, அன்றைக்குக்கூடச் சத்தம் போட்டாள், யாராவது வலியப் போய் வேலையை விடுவார்களா என்று, அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏதோ சொன்னார், என்ன சொன்னார், “உக்காந்தது போதும்” என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், இல்லை, அப்படிச் சொல்லவில்லை, இப்போது காதில் தெளிவாகக் கேட்கிறது, “எழுதினது போதும்” என்றார்.