ஒரு பிடி கொழுந்து

அற்புதமலர் ஏமாற்றினாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவளுக்கே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், தேயிலைத் தோட்டத்து விளையாட்டு விழாவில், கொழுந்து பறிக்கும் போட்டியில், கூடையின் அடியில் தண்ணீர் தெளித்த முற்றல் இலையைப் பதுக்கி வைத்திருந்தாள். ஜெயித்தவளைப் பதுளை நகரத்தில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள் என்ற ஆசை புத்தியைக் கெடுத்துவிட்டது. நடுவராக வந்த அலவி நானா கூடையைக் கவிழ்த்ததும் குட்டு வெளிப்பட்டது. அப்புத்தளையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அவர். அவருடைய தராசில் குறை சொன்னவர் கிடையாது என்பதால் தோட்டத்தார் அவரைத்தான் அழைப்பார்கள். இரண்டு வருஷம் இவள் போட்டியில் சேரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதோடு முடிந்திருந்தால் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். கணக்கப்பிள்ளை யேசுரத்தினம் முடிய விடவில்லை. தினமும் மூன்று வேளை கொழுந்து நிறுக்கும்போது மற்றப் பெண்களின் கூடை நேரே தராசுக்குப் போகும். அவளுடையதை மட்டும் தரையில் கொட்டச் சொல்லி, கிளறிப் பார்த்த பிறகே நிறுப்பார். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மழையோ வெயிலோ, ஒரு நாள் தவறியதில்லை. இது என்ன நியாயம்? போட்டியில் செய்த தப்புக்குப் போட்டியில் தண்டனை வாங்கியாயிற்று. வேலையில் அவள் ஒரு இலைகூட ஏமாற்றியவள் அல்ல. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எழுபத்தேழில் தடை முடிந்தது. அவள் பெயர் கொடுக்கப் போனாள். பதுளை ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. எல்லார் முன்னாலும் ஒரு தடவை நேராக ஜெயித்துக் காட்டினால், கூடையைக் கொட்டுவது நின்றுவிடும் என்று நம்பினாள்.

“இவளச் சேத்தா போட்டிக்கே மரியாதை இல்லீங்க நானா,” என்றார் கணக்கப்பிள்ளை.

அலவி நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு வருஷம்டு எழுதினது நான். ரெண்டு வருஷம் முடிஞ்சி. அதுக்கு மேல ஒரு நாள் கூட்டினாலும் அது நான் செய்ற களவு,” என்று அவள் பெயரை எழுதிக்கொண்டார். அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகளோ, அத்தனை பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் அங்கேயே மாதாவை வேண்டிக்கொண்டாள்.

போட்டி அரை மணி நேரம். ஆளுக்கு ஒரு நிரை, ஒரு வரிசைத் தேயிலைச் செடி. பக்கத்து நிரையில் பாக்கியலெட்சுமி. அற்புதமலரின் கை மின்னலாய்ப் போனது. பாதி நேரத்தில் தலையில் மாட்டிய கூடைக்கயிறு நழுவி, அதைச் சரிசெய்வதற்குள் இரண்டு செடி தூரம் பின்தங்கிவிட்டாள். அப்போது முதுகுக் கூடைக்குள் பொத்தென்று ஏதோ விழுந்தது.

என்ன என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. மலையில் வேலை செய்யும்போது யாராவது பின்தங்கினால், பக்கத்து நிரைக்காரி ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவாள். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தில் பாக்கியலெட்சுமியின் கை தன்பாட்டுக்கு அதைச் செய்துவிட்டது. போட்டி என்பதையே மறந்துபோனாள் பாவம்.

நிறுத்தபோது அற்புதமலருக்கு ஆறு றாத்தல். அடுத்தவளுக்கு ஆறுக்குக் கால் றாத்தல் குறைவு. பெண்கள் கைதட்டினார்கள். கணக்கப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் எதையும் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக ஏங்கிக் கிடந்தது கைக்கு வந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். ஆனால் இப்படி ஜெயித்தால் தினமும் கூடையைக் கொட்டுகிற மனிதன் செய்தது சரி என்று ஆகிவிடாதா?

“நானா, அதுல ஒரு பிடி என் கை கொழுந்து இல்லீங்க,” என்றாள்.

கைதட்டல் நின்றது. பாக்கியலெட்சுமி அழ ஆரம்பித்தாள். “நான்தாங்க போட்டேன். வேலை நெனப்புல போட்டுட்டேன். அவ கேக்கலீங்க.”

 அலவி நானா நாற்காலியை விட்டு எழுந்தார்.

“மத்தவங்கட கொழுந்து விழுந்த கூடை போட்டியில இல்ல. அதுதான் சட்டம், அத எனக்கு மாத்தேலா. போன முறை உங்கள வெளிய போட்டதும் நான்தான், இப்ப போடுறதும் நான்தான் தங்கச்சி. ஆனா ரெண்டும் ஒண்டில்ல. அத இங்க நிக்கிற எல்லாரும் கேட்டுக்கொள்ளணும். இந்த முறை தடை ஒண்டும் இல்ல. அடுத்த வருஷம் கட்டாயம் வாங்க.”

பரிசு அடுத்தவளுக்குப் போனது. அற்புதமலர் வெறுங்கையோடு லயத்து வீட்டுக்கு நடந்தாள். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நானா மற்றவர்களுக்குப் பார்க்கும் சட்டத்தையே எனக்கும் பார்த்தாரே, ஒரு சொல் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்று நினைக்க நினைக்க அவளுக்கு நிறைவாக இருந்தது.

திங்கட்கிழமை காலைக் கொழுந்து நிறுவை. தன் முறை வந்ததும் அவள் வழக்கம்போலக் கூடையைக் கவிழ்ப்பதற்குக் குனிந்தாள்.

“எதுக்குக் கொட்டுற?” என்றார் கணக்கப்பிள்ளை, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. “தராசுல மாட்டு. பின்னால ஆளு நிக்குது.”

மாட்டினாள். எத்தனை றாத்தல் என்று அவர் சொன்னது அவள் காதில் விழவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க,” என்று சொல்லிவிட்டு நிரைக்கு ஓடினாள்.