நர்ஸுக்குத் தொண்டை கட்டிய நாள்

காலையில் வீட்டுக்கு வந்த நர்ஸ் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை கட்டியிருந்தது. லாரி டிரைவரின் மனைவி பதறிப்போனாள்.

பதறாமல் என்ன செய்வாள்? புருஷனை இனி குணப்படுத்த வழியில்லை, வலியையாவது குறைப்போம் என்று மருத்துவமனை சொல்லி இரண்டு மாதமாகிறது. மாத்திரைக்கு மற்ற வலியெல்லாம் அடங்கியது. முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் கால் மணி நேரம் மட்டும் அடங்கவில்லை. அதற்குத்தான் நர்ஸ் ஹிப்னாடிசம் படித்துவிட்டு வந்திருந்தாள். கண்ணை மூடச் சொல்வாள், மூச்சை நிதானமாக்குவாள், மனுஷனை லாரியில் ஏற்றி நெடுஞ்சாலைக்கு அனுப்பிவிடுவாள். அவர் எங்கோ ஓட்டிக்கொண்டிருக்க, இங்கே கட்டு மாறிவிடும். முடிந்ததும் "வீடு வந்தாச்சு" என்பாள், கண் திறப்பார். மேடையில் ஆளைக் குரைக்க வைக்கிற வித்தை என்றுதான் மனைவி முதலில் நினைத்திருந்தாள்.

நர்ஸ், தான் வழக்கமாகச் சொல்வதை எழுதிய தாளை நீட்டிக் கிசுகிசுத்தாள். "நீங்க படிங்கக்கா. நான் கட்டு மாத்தறேன்."

"எனக்கெல்லாம் வராதும்மா. ஏதாவது ஏடாகூடமா ஆயிட்டா?"

"தள்ளிப்போட முடியாது. கட்டு நனைஞ்சிருக்கு."

படித்தாள். "உங்கள் தோள்கள் தளர்கின்றன. உங்கள் சுவாசம்..."

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "என்ன, ரேடியோல செய்தி வாசிக்கிறியா?"

அவளுக்கு அழுகை முட்டியது. முப்பது வருஷம் அவர் ரோட்டில், இவள் போனில். இருவரும் பேசியதில் முக்கால்வாசி போனில்தான். தாளை மடித்து வைத்துவிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"எங்க வந்துட்டிருக்கீங்க?"

கண் மூடியது. "பாலம் தாண்டியாச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"ரோடு எப்படி?"

"காலியா இருக்கு."

புருவச் சுருக்கம் விலகியது. நர்ஸ் தலையசைத்து, பழைய கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள். மனைவி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. என்ன லோடு, மழை இருக்கா, டயர் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் வலி வந்துவிடுமோ என்று பயம். கேள்விகள் தீர்ந்துபோனதும், போனை வைக்குமுன் தினமும் சொல்வது தானாக வாயில் வந்துவிட்டது.

"சரி, சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுங்க."

நர்ஸ் விருட்டென்று நிமிர்ந்தாள். புண் திறந்து கிடந்தது. அவர் இமைகள் படபடத்தன. ஒரு முனகல் கிளம்பியது.

"வந்துட்டேன். கடைசித் திருப்பம்தான்."

முப்பது வருஷத்தில் எத்தனை முறை சீக்கிரம் வரச் சொல்லியிருப்பாள்! ஒரு நாளாவது வந்திருக்கிறாரா? இன்றைக்குப் பார்த்துச் சொல்பேச்சு கேட்கிறார். தன் வாயைத் தானே சபித்தபடி அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"வேண்டாங்க. இங்க ஒண்ணும் அவசரமில்ல. நிதானமா ஓட்டுங்க."

"நீ தனியா இருப்பியே."

நர்ஸ் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துக்குவேன்," என்றாள் மனைவி. "நீங்க மெதுவா வாங்க."

முனகல் நின்றது. அவர் மூச்சு மறுபடி சீராக, நர்ஸ் புதுத் துணியை எடுத்தாள்.

முடிந்தது என்று நர்ஸ் கைகாட்டிய பிறகும், வீடு வந்தாச்சு என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.